தடைக்காலத்து மீன்பிடி

வங்கக் கடலுக்கு ஆண்டுக்கு ஒரு முறை 61 நாள் ஓய்வு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் துறைமுகத்தை விட்டு நகரக் கூடாது. மீன் சினைபிடித்து முட்டையிடும் காலம். இப்போது வலை வீசினால் நாளைக்கு மீன் இருக்காது. நல்ல ஏற்பாடுதான். நான் சொல்ல வந்தது அதே நாட்களில் கரையில் நடக்கும் இன்னொரு மீன்பிடியைப் பற்றி.

2004 மே 10. 2009 மே 13. 2014 ஏப்ரல் 24. 2019 ஏப்ரல் 18. 2024 ஏப்ரல் 19. தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தலுக்கு வாக்குப்பதிவு நடந்த நாட்கள் இவை. ஐந்தும் தடைக்காலம். முன்பெல்லாம் தடை மே 29 வரை 45 நாள்தான் இருந்தது; அந்தக் கணக்கு போட்டாலும் ஐந்தும் உள்ளே வந்து விழுகின்றன. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்ததாக நான் சொல்லவில்லை. பள்ளித் தேர்வு, கோடை வெயில், பாதுகாப்புப் படை என்று தேர்தல் ஆணையத்துக்கு ஆயிரம் கணக்கு இருக்கும். அந்த ஆயிரத்தில் கடல் ஒன்றாக இல்லை, அவ்வளவுதான். ஆனால் ஓட்டு கேட்டு வருகிறவருக்கு இதைவிட வாகான பருவம் கிடையாது. படகு கரையில் கிடக்கிறது, ஆள் வீட்டில் இருக்கிறான், கையில் காசில்லை. சினை மீனுக்கு இரக்கம் காட்டத் தெரிந்த அரசாங்கம், கரையில் காய்ந்து கிடக்கிற மனிதனை மட்டும் இந்தப் பருவத்தில் தாராளமாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறது. கண்ணி அளவுக்குக்கூடக் கட்டுப்பாடு இல்லை.

தென்சென்னைத் தொகுதியில் ஊரூர் ஒல்காட் குப்பம் என்று ஒன்று இருப்பதைத் தென்சென்னைக்கே அவ்வப்போது ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. எலியட்ஸ் கடற்கரையில் ஷ்மிட் நினைவுச் சின்னத்தின் பக்கத்தில் நின்று வடக்கே பாருங்கள். ஐஸ்கிரீம் வண்டிகள் முடிகிற இடத்தில் ஃபைபர் படகுகள் தொடங்கும். இன்னும் வடக்கே போனால் அடையாற்று முகத்துவாரம். அங்கே 1967-இல் கட்டி, பத்தே வருஷத்தில் ஆறு பிய்த்துப் போட்ட உடைந்த பாலம். சினிமாக் கதாநாயகர்கள் அந்தப் பாலத்தில் காதலித்திருக்கிறார்கள், ஆட்களைத் தூக்கிப் போட்டு அடித்திருக்கிறார்கள். ஆகவே குப்பத்தைத் தமிழ்நாடு முழுக்கப் பார்த்திருக்கிறது, பாலத்துக்குப் பின்னால், கொஞ்சம் மங்கலாக.

கோட்டை இங்கிருந்து பத்து கிலோமீட்டருக்குள். டெல்லி இரண்டாயிரத்துச் சொச்சம். பெசன்ட் நகர் அவென்யூக்களிலிருந்து குப்பம் எவ்வளவு தூரம் என்று மட்டும் எந்த சர்வேயரும் இன்றுவரை அளந்து சொல்லவில்லை.

பெயரிலேயே எல்லாம் இருக்கிறது. கர்னல் ஒல்காட், அன்னி பெசன்ட் இருவரும் ஒரே பிரம்மஞான சபைக்குத் தலைமை தாங்கியவர்கள். 1882-இல் சபை அடையாறுக்கு வந்தது. அம்மையார் பெயருக்கு நகர் கிடைத்தது, கர்னல் பெயருக்குக் குப்பம். (1894-இல் பஞ்சமர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்த மனிதர் அவர், பங்கு பிரித்ததில் தனக்கு நல்லதுதான் வந்தது என்று சந்தோஷப்பட்டிருப்பார்.) ஊரூர் என்ற பழைய கிராமத்து மண்ணின் மேல்தான் வீட்டுவசதி வாரியம் நகரை எழுப்பியது. முன்னமே இருந்தது குப்பமாயிற்று, பின்னால் வந்தது நகராயிற்று. 2015-இல் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் இங்கே கலை விழா தொடங்கியபோது, கர்நாடக சங்கீதம் குப்பத்துக்குப் போவதா என்று ஊரே வியந்தது. சங்கீதம் நகருக்கும் குப்பத்துக்கும் நடுவிலுள்ள தெருவைக் கடந்துவிட்டது. அரசமைப்புச் சட்டம்தான் இன்னும் அந்தப் பக்கமே நிற்கிறது.

இப்போது வேட்பாளர் வருகிறார். எந்த வேட்பாளர், எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். ஐந்து தேர்தலில் வந்தவர்கள், பத்து வருஷமாகத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் எல்லோரையும் ஒன்றாகக் குழைத்து நான் பிடித்து வைத்திருக்கிற பிள்ளையார் இவர். முன்னால் பறை, பின்னால் பட்டாசு, பக்கத்தில் மாவட்டம், வட்டம். வாசலில் ஆரத்தித் தட்டு. தட்டில் எவ்வளவு விழுந்தது என்பதைத் தேர்தல் பார்வையாளர் தவிர எல்லோரும் பார்த்தார்கள். மீன் விற்கிற அம்மாவிடமிருந்து ஒரு மீனை வாங்கி வாலைப் பிடித்துத் தூக்குகிறார். படம் எடுக்கிறார்கள்.

"வஞ்சிரம் நல்லா பெருசா இருக்கேம்மா."

"சீலா சார் அது."

"எல்லாம் நம்ம மீன்தானம்மா!"

கைதட்டல். அப்புறம் பேச்சு. கழிவுநீர்க் கால்வாய் கட்டித் தருவேன். தெருவிளக்கு போட்டுத் தருவேன். கழிப்பறை. குடிதண்ணீர். கோயில் திருவிழாவுக்கு என் சொந்தச் செலவில் பந்தல். கிழவர் ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறார்: "இவரு கவுன்சிலருக்கு நிக்கிறாரா, டெல்லிக்கு நிக்கிறாரா?" சந்தேகம் நியாயமானது. டெல்லிக்குப் போகிற ஆள் சாக்கடையைப் பற்றியே பேசினால் வேறு எப்படி நினைப்பது?

எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான்.

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மீன்வளம் மாநிலப் பட்டியலில் 21ஆவது. நாட்டின் ஆட்சிக்குட்பட்ட கடலுக்கு அப்பால் மீன்பிடிப்பது ஒன்றியப் பட்டியலில் 57ஆவது. அந்தக் கோடு கரையிலிருந்து 12 கடல் மைல், ஏறக்குறைய 22 கிலோமீட்டர். அதற்கு அந்தப் பக்கம் 200 மைல் வரைக்கும் டெல்லி ராஜ்ஜியம். யார் என்ன கப்பலில் வந்து எதை அள்ளிப் போகலாம், எங்கே எண்ணெய்க்குத் துளை போடலாம், எந்தத் துறைமுகத்துக்காக எவ்வளவு தூரம் கல்லைக் கொட்டலாம், கடற்கரையில் எத்தனை மீட்டர் தள்ளி யார் கட்டிடம் எழுப்பலாம் என்பதெல்லாம் நாடாளுமன்றமும் டெல்லி அமைச்சகங்களும் வைத்தது சட்டம். மக்களவை உறுப்பினர் என்ற ஒருவர் மீனவருக்கு எதற்காகவாவது வேண்டுமென்றால் இதற்குத்தான் வேண்டும். தன் அதிகாரம் 12 மைலுக்கு அப்பால் தொடங்குகிறது என்று சொல்ல வேண்டியவர், 12 வீடு தாண்டுவதற்குள் வேனில் ஏறிவிடுகிறார்.

2021 மழைக்காலக் கூட்டத்தொடருக்கு இந்தியக் கடல் மீன்வள மசோதா என்று ஒன்றைப் பட்டியலில் சேர்த்தார்கள். 12 மைலுக்கு அப்பால் மீன்பிடிக்க உரிமம், மீறினால் அபராதம். கரையோரம் முழுக்க மீனவர்கள் கறுப்புக்கொடி கட்டினார்கள். மசோதா அந்தக் கூட்டத்தொடரில் வரவில்லை. ஒரு நாடாளுமன்றத் தேர்தலில் பேசத்தக்க சங்கதி என்றால் இது. 2024 ஏப்ரலில் இதை எத்தனை மேடையில் கேட்டீர்கள்? எனக்குக் காதில் விழுந்ததெல்லாம் கச்சத்தீவு. 285 ஏக்கர், குடியிருக்க ஆளில்லை, இங்கிருந்து 400 கிலோமீட்டருக்கும் அப்பால். 1974-இல் போனதைப் பிரதமர் முதல் வட்டச் செயலாளர் வரை அந்த இரண்டு வாரம் ஆளாளுக்கு மீட்டார்கள், ஆளாளுக்குத் தொலைத்தார்கள். ராமேசுவரத்து மீனவனுக்கு அது உயிர்ப் பிரச்சினை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவனுக்கும் தேர்தல் முடிந்த மறுநாள் தீவின் பேச்சு நின்றுபோனது. ஊரூரில் வலை காயப்போடுகிற ஒன்றிரண்டு ஏக்கர் மணல் யாருடையது என்று கேட்டால், அதற்கு 1974 ஒப்பந்தம் மாதிரி காட்டுவதற்கு ஒரு காகிதமும் வேட்பாளர் கையில் இல்லை.

மணலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-இல் வந்தது. இருபது தடவைக்கு மேல் திருத்தினார்கள். 2011-இல் புதிதாக ஒன்று, 2019 ஜனவரியில் இன்னொன்று. மீனவ ஊர்களை, அவர்கள் வீடு பெருகுவதற்கு வேண்டிய இடத்தை, படகு நிறுத்தும் இடத்தை, மீன்பிடிக்கிற பரப்பை வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று அறிவிக்கையே சொல்கிறது. வரைவு வரைபடம் வரும்போதெல்லாம் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மீனவர்கள் எழுந்து, எங்க ஊர் எங்கே என்று கத்துகிறார்கள். வரைபடத்தில் கடல் இருக்கும், நீலமாக. ரோடு இருக்கும். நடுவில் வெள்ளையாக விட்டிருப்பார்கள்.

அதிகாரிக்குக் கடற்கரையைப் பார்த்தால் காலி மனை தெரிகிறது. படகு இல்லாத நேரத்தில் வந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். அறுவடை முடிந்தபின் களத்துமேட்டைப் பார்த்தால்கூடக் காலியாகத்தான் இருக்கும். அதனால் கலங்கரை விளக்கத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் பறக்கும் பாதை என்றார்கள். பெசன்ட் நகருக்கு ரோப் கார் என்றார்கள். கடல் மேலேயே நீலாங்கரைக்குப் பாலம் என்றார்கள். ஆட்சி மாறும், மேம்பாலத்தின் தூண் மாறாது. மெரினாவுக்கு எதிரே கடலுக்குள் 134 அடிப் பேனா நினைவுச் சின்னம் நட 2023-இல் டெல்லி சுற்றுச்சூழல் அமைச்சகம் நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது. மதிப்பீடு 81 கோடி. கோட்டையும் டெல்லியும் எதிலும் ஒத்துப்போவதில்லை என்கிறவர்கள் இந்தக் கோப்பைப் பார்க்க வேண்டும். அதே 2023 ஏப்ரலில்தான் மெரினா வளையச் சாலையில் மீன்கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. நொச்சிக்குப்பத்துப் பெண்கள் நடுரோட்டில் மீனைக் கொட்டி உட்கார்ந்தார்கள். அடுத்த வருஷம் ஆகஸ்டில் 366 கடைகளோடு நவீன அங்காடி திறந்தது. கடலோரத்தில் அவர்களுக்கு ரோடு வந்ததா, ரோட்டோரத்தில் அவர்கள் வந்தார்களா என்ற கேள்வியை யாரும் தானாக முன்வந்து எடுக்கவில்லை.

இந்தத் தொகுதி ஏதோ சாமானியர்களை அனுப்பிய தொகுதி என்று நினைத்துவிடாதீர்கள். 1967-இல் அண்ணா இங்கேதான் மக்களவைக்கு வென்றார். பிறகு முரசொலி மாறன். ஆர். வெங்கட்ராமன் இரண்டு முறை. குடியரசுத் தலைவராகவே ஆனார். வைஜயந்திமாலா இரண்டு முறை. டி.ஆர். பாலு 1996 தொடங்கி நான்கு முறை. 1999 முதல் 2003 வரை அவர்தான் நாட்டின் சுற்றுச்சூழல் அமைச்சர், அதாவது மேலே சொன்ன கடற்கரை அறிவிக்கை அவருடைய மேசை மேல் இருந்தது. அதன்பின் கப்பல் துறையும் அவருக்கே வந்தது. 2014-இல் ஜெயவர்தன் வென்றார். 2016-க்குப் பிறகு அவருடைய தந்தை ஜெயக்குமார் மாநில மீன்வளத் துறை அமைச்சர். 12 மைலுக்கு இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் மகன்! மீனவர்களுக்கு இதைவிடத் தோதான குடும்ப அட்டையை யாரும் கற்பனை செய்ய முடியாது. அண்ணாவையும் ஜனாதிபதியையும் சினிமா நட்சத்திரத்தையும் கப்பல் அமைச்சரையும் அனுப்பிய கரையில், மீனவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்ப்போம் என்ற வாக்குறுதி மட்டும் கட்டுமரம் போலவே நனைந்து, காய்ந்து, மறுபடி நனைகிறது.

2024-இல் முதல் மூன்று இடத்துக்கு வந்தவர்கள் ஒரு கவிஞர், இரண்டு டாக்டர்கள். தமிழச்சி தங்கபாண்டியன், ஆளுநர் பதவியை உதறிவிட்டு வந்த தமிழிசை, மறுபடி ஜெயவர்தன். கடலுக்கு என்ன சீக்கு என்று பார்க்க இரண்டு பேர், பாட ஒருவர். இதற்கு மேல் என்ன கேட்பது?

மீன்வளத்துக்குத் தனி அமைச்சகம் வேண்டுமென்பது நெடுநாள் கோரிக்கை. 2019-இல் டெல்லி கொடுத்தது: மீன்வளம், கால்நடை பராமரிப்பு, பால்வளம். தனி என்பதற்கு டெல்லி அகராதியில் மாட்டோடு சேர்த்து என்று பொருள். 2021 பிப்ரவரியில் புதுச்சேரி வந்த ராகுல் காந்தி, டெல்லியில் மீனவர்களுக்கு ஓர் அமைச்சகம் இல்லையே என்று வருத்தப்பட்டார். இருக்கிறதே, தெரியாதா என்று பாஜக அமைச்சர்கள் வரிசையில் வந்து கேலி செய்தார்கள். எதிர்க்கட்சியின் முன்னணித் தலைவர் ஒருவருக்கே தெரியாத அளவுக்கு ஏறக்குறைய இரண்டு வருஷம் ஓசைப்படாமல் இயங்கிய அமைச்சகத்தைப் பற்றி யார் வெட்கப்பட வேண்டும் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

வேறொரு கடலைச் சொல்கிறேன். கனடாவின் கிழக்குக் கோடியில் நியூஃபவுண்ட்லாந்து. காட் என்ற ஒரே மீனை நம்பி நூற்றாண்டுக்கணக்கில் பிழைத்த கரை. அங்கே கடல் மீன்வளம் முழுக்க ஒட்டாவாவின் கையில். இழுவைக் கப்பல்கள் அள்ளின. மீன் இன்னும் நிறைய இருக்கிறது என்று தலைநகரத்துக் கணக்குகள் சொல்லின. மீன் சிறுத்துவிட்டது, குறைந்துவிட்டது என்று சின்னப் படகுக்காரர்கள் கத்தியதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. 1992 ஜூலை 2 அன்று காட் பிடிக்கவே தடை. முப்பதாயிரம் பேர் போல வேலையிழந்தார்கள். அறிவித்தவர் ஜான் கிராஸ்பி, நாட்டின் மீன்வள அமைச்சர், அதே தீவின் எம்.பி. முந்தின நாள் பே புல்ஸ் என்ற மீனவ ஊருக்குப் போய், கொதித்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கு முன்னால் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டார். இரண்டு வருஷத் தடை என்றார்கள். விலக்க 2024 ஆயிற்று. அடுத்த தேர்தலில் கிராஸ்பி நிற்கவில்லை. ஆண்டுகொண்டிருந்த அவருடைய கட்சிக்கு நாடு முழுக்கக் கிடைத்தது 2 இடம். அதற்குக் காட் மீன் மட்டும் காரணமில்லை, ஆனாலும் மீனவர்கள் அந்த எண்ணைச் சொல்லிச் சிரித்திருப்பார்கள். பாழாய்ப்போன கதைதான். ஆனால் யாரைத் திட்ட வேண்டும் என்பதாவது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. திட்டு வாங்க ஆளும் வந்து நின்றான்.

இங்கே மாநகராட்சியைக் கேட்டால் மாநிலம் என்கிறது, மாநிலத்தைக் கேட்டால் டெல்லி என்கிறது, டெல்லியைக் கேட்டால் மாநிலம் வரைபடம் அனுப்பவில்லை என்கிறது. நீவாடு தெரிந்தவன் மீனவன். தண்ணீர் மேலே ஒரு பக்கமும் கீழே ஒரு பக்கமும் ஓடினால்கூடக் கயிற்றை விட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவான். இந்தக் கோப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்ல அவனாலும் முடியவில்லை.

சுருக்குமடி வலை என்று ஒன்று உண்டு. ஒரு கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடியில் சுருக்கிவிட்டால், சின்னது பெரியது என்று பாராமல் மொத்தமும் மேலே வரும். 2000-இல் தமிழ்நாடு அதற்குத் தடை போட்டது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 மைலுக்கு வெளியே, திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று இடைக்கால அனுமதி தந்தது. கரையில் கட்சிகளுக்குப் பிடித்த வலையும் இதுதான். ஆளாளுக்குப் போய்ப் பேசி ஏன் மெனக்கெட வேண்டும்? ஊரை வளைத்து நாலு பேர் கையில் சுருக்கைக் கொடுத்தால் போதும். திங்கள், வியாழன் கணக்கும் கிடையாது. ராத்திரியில்தான் பாடு அதிகம். 2024 தேர்தலில் தாம்பரத்தில் ஒரு ரயிலில் மட்டும் பிடிபட்டது ஏறத்தாழ 4 கோடி. வலை அறுந்ததால் தெரிந்தது. அறுபடாத வலைகளின் பாடு எந்த ஏலக் கூடத்திலும் எழுதப்படவில்லை.

சட்டப்படி மக்களவை வேட்பாளர் ஒருவர் 95 லட்சம் வரை செலவு செய்யலாம். தடைக்கால நிவாரணம் ஒரு குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்தது. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதல்வர் 8,000 ஆக்கினார். 61 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 131 ரூபாய், வீட்டில் எத்தனை வாய் இருந்தாலும். எலியட்ஸ் கடற்கரையை ஒட்டிய காபிக் கடைகளில் அந்தக் காசுக்கு நாற்காலியில் உட்காரவே கூச்சமாக இருக்கும். ஒரு வேட்பாளரின் அனுமதிக்கப்பட்ட, உத்தமமான, கணக்குக் காட்டப்பட்ட செலவு 1,187 குடும்பங்களின் தடைக்காலம்.

2024 ஏப்ரல் 19 வந்தது. தொகுதியில் ஏறத்தாழ 20 லட்சம் வாக்காளர்கள். நூற்றுக்கு 54 பேர் அளவில் வந்து போட்டார்கள். மீதிப் பேருக்கு அன்று வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு சேர்த்தால் மூன்று நாள். அரசியல் சாக்கடை என்பார்கள். அந்தச் சாக்கடை அடையாற்றில் கலந்து கடைசியில் யார் வலையில் ஏறுகிறது என்பதை முகத்துவாரத்தில் மடவை பிடிக்கிறவனிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஜூன் 4-இல் எடை போட்டார்கள். தமிழச்சி 2 லட்சத்து 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தமிழ்நாடு, புதுவை சேர்த்து 40-க்கு 40. கரையில் அள்ளிய பாடு டெல்லிக்குக் கிளம்பியபோது, கடலில் தடை முடிய இன்னும் பத்து நாள் இருந்தது.

ஜூன் 14 நள்ளிரவு காசிமேட்டில் விசைப்படகுகள் தேங்காய் உடைத்துக்கொண்டு கிளம்பின. ஊரூர்க் கரையில் அப்படி ஆரவாரம் எதுவும் இல்லை. தடை விசைப்படகுக்குத்தான்; ஃபைபர் படகுகள் வழக்கம்போல விடியுமுன்னே தள்ளப்படும். படகைத் தள்ளுவதற்கு முன் இன்ஜினைத் துடைக்க வேண்டும். மூன்று கட்சித் துண்டுகளும் வீட்டில் இருக்கும். பளபளவென்று சாயம் போட்ட நைலான் கலப்புத் துண்டு எண்ணெயை இழுக்காது. கொஞ்சம் பருத்தி கலந்தது எந்தக் கட்சியுடையதோ, அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள்.